மறுபதிப்பும் மாற்றக் குறிப்பும்: சட்டர்ஜியின் வங்கமொழி வரலாற்றை முன்வைத்து

1. ஒரு துறையில் அதுவரை வெளிவந்த சான்றுகளைத் திரட்டி, ஒழுங்குபடுத்தி, முடிபு கூறும் நூல்களைத் தொகுப்பாய்வு நூல்கள் எனலாம். ஒப்பிலக்கணம், சொற்பிறப்பகராதி, மொழி வரலாறு ஆகியன இவ்வகையின. புதிய சான்றுகள் கிடைக்குந்தோறும் இவை பழமையடைகின்றன. ஆதலின் புதுப்பிக்கப்பட வேண்டியவை ஆகின்றன. புதுப்பித்தலின் தேவையை எவரும் மறுப்பதில்லை. ஆயின் எது மாறிற்று, எப்போது மாறிற்று, யாரால், எக்காரணம் பற்றி மாறிற்று என்பவற்றைப் பதிவு செய்யும் கடமை அதே அளவிற்கு உணரப்படவில்லை. மூன்று நூல்களின் பதிப்பு வரலாறு இதனைத் தெளிவாக்கும்.

2. சுநீதி குமார் சட்டர்ஜியின் 'வங்கமொழியின் தோற்றமும் வளர்ச்சியும்' 1926இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தால் இரு தொகுதிகளாக வெளியிடப்பெற்றது. 44 ஆண்டுகள் கழித்து, 1970இல், இலண்டனில் அவ்விரு தொகுதிகளும் மறு அச்சாயின. தொடர்ந்து சேர்க்கைகளும் திருத்தங்களும் அடங்கிய மூன்றாம் தொகுதி தனியே வெளிவந்தது. இடைப்பட்ட காலத்தில் இந்தோ-ஆரிய, திராவிட மொழியாய்வுகளின் அடித்தளமே விரிவடைந்திருந்தது. பரோ, எமனோ ஆகியோரின் திராவிடச் சொற்பிறப்பகராதி 1961இலும், டர்னரின் இந்தோ-ஆரிய ஒப்பியல் அகராதி 1962க்கும் 1966க்கும் இடையிலும் வெளிவந்திருந்தன. எனினும் ஆசிரியர் தம் பழைய வாசகத்தை அழித்து எழுதவில்லை. தாம் 1926இல் கூறியதையும் பின்னர்த் திருத்தியதையும் அருகருகே நிறுத்தினார். ஓர் அறிஞரின் கருத்து வளர்ச்சியைப் படிப்படியாகக் காண இம்முறை இடந்தருகிறது. இதன் நேர்மை போற்றத்தக்கது.

இம்முறையிலும் குறையுண்டு. முதல் தொகுதியின் ஒரு பக்கத்தைப் படிப்பவருக்கு, அப்பக்கத்தைப் பற்றிய திருத்தம் மூன்றாம் தொகுதியில் உள்ளதா என்பது அவ்விடத்தில் தெரிவதில்லை. இதனினும் பெரிய இடர் மேற்கோளில் நேர்கிறது. வங்கமொழியில் திராவிடத் தாக்கம் பற்றிச் சட்டர்ஜி கூறிய கருத்தைச் 'சட்டர்ஜி 1970' என ஒருவர் சுட்டினால், திராவிடச் சொற்பிறப்பகராதியைக் கண்ட பின்னர் அவர் அம்முடிபிற்கு வந்தார் என்ற பொருள் தோன்றிவிடுகிறது. உண்மையில் அது அவ்வகராதிக்கு 35 ஆண்டுகள் முந்தைய கருத்து. மறு அச்சின் ஆண்டு கருத்தின் ஆண்டாக மாறும்போது சான்றின் வரிசையே தலைகீழாகிறது.

3. கால்டுவெல்லின் 'திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்' வேறொரு நிலையைக் காட்டுகிறது. முதற்பதிப்பு 1856இலும், ஆசிரியரே விரிவாக்கிய இரண்டாம் பதிப்பு 1875இலும் வெளிவந்தன. 1891இல் அவர் மறைந்த பின்னர், வையட், இராமகிருஷ்ண பிள்ளை ஆகியோரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1913இல் மூன்றாம் பதிப்பு வந்தது. பறையர் திராவிடரா, நீலகிரித் தோடர் திராவிடரா என்னும் வினாக்களை ஆராய்ந்த பின்னிணைப்புகள் இதில் இடம்பெறவில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் பின்னாளில் மறு அச்சிட்டதும் இம்மூன்றாம் பதிப்பையே. இதனால் பல தலைமுறை மாணவர்கள் சுருங்கிய கால்டுவெல்லையே முழுமையான கால்டுவெல்லாகக் கொண்டனர். 1875ஆம் ஆண்டுப் பதிப்பைக் கவிதாசரண் 2008இல் முழுமையாக வெளியிட்ட பின்னரே இவ்விடுபாடு பரவலாகப் பேசப்பட்டது.

நீக்கியது தவறா என்பது வேறு வினா. பழமையான பகுதியை நீக்கப் பதிப்பாசிரியருக்குக் காரணம் இருக்கலாம். ஆனால் நீக்கப்பட்ட ஒவ்வோரிடத்திலும் அந்நீக்கமும் அதன் காரணமும் குறிக்கப்பட்டிருப்பின், அக்காரணத்தை ஏற்கவோ மறுக்கவோ படிப்பவருக்கு வாய்ப்பு இருந்திருக்கும். பறையர் பற்றிய பகுதி சமூக வரலாற்றுக்கும் உரியது என்பதால் இவ்விழப்பு மொழியியலோடு நின்றுவிடவில்லை.

4. திராவிடச் சொற்பிறப்பகராதியின் புதுப்பித்தல் இவ்விரண்டினும் செம்மையானது. 1961ஆம் ஆண்டின் அகராதிக்கு 1968இல் பிற்சேர்க்கை வந்தது; 1984இல் திருத்திய இரண்டாம் பதிப்பு வெளியாயிற்று. புதிய பதிப்பில் பதிவெண்கள் மாறின. எனினும் பதிவின் இறுதியில் அதற்குரிய பழைய எண்ணும், பிற்சேர்க்கையின் பங்கு இருப்பின் அதனைக் காட்டும் எழுத்தும் தரப்பெற்றுள்ளன. பழைய ஆய்வுக் கட்டுரை ஒன்றில் காணும் எண்ணைக் கொண்டு புதிய பதிவை அடைய இது வழிசெய்கிறது. ஆயினும் ஒரு பதிவினுள் எச்சொல் புதிதாகச் சேர்ந்தது, எது வேறு பதிவிற்கு மாற்றப்பட்டது என்பதை அறிய இரு பதிப்புகளையும் ஒப்பிட்டே ஆக வேண்டியுள்ளது. பதிப்பைக் குறிக்காமல் எண்ணை மட்டும் தரும் கட்டுரையாளர் இவ்வேற்பாட்டையும் பயனற்றதாக்கி விடுகிறார்.

5. மருத்துவத் துறை இச்சிக்கலுக்கு முறையான தீர்வு கண்டுள்ளது. 1993இல் தோற்றுவிக்கப்பெற்ற காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வுகள் புதுப்பிக்கப்படும்போது, மாற்றங்கள் நாளிட்டுப் பட்டியலாகத் தரப்படுகின்றன. சான்று தேடிய இறுதி நாள் குறிக்கப்படுகிறது. முடிபு மாறிற்றா, புதிய சான்று சேர்ந்தும் மாறவில்லையா என்பது தனியே சொல்லப்படுகிறது. மேற்கோளுக்குரிய புதிய பதிப்பு தனி அடையாளம் பெறுகிறது. பழைய பதிப்பும் காணக் கிடைக்கிறது. மருந்தைப் பற்றிய முடிபு எச்சான்றின்மேல் நின்றது என்பது மருத்துவருக்கு எவ்வளவு இன்றியமையாததோ, சொல்லின் மூலத்தைப் பற்றிய முடிபு எச்சான்றின்மேல் நின்றது என்பது மொழியியலாருக்கும் அவ்வளவு இன்றியமையாதது.

6. இலக்கிய நூல்களைப் பொறுத்தவரை கொல்கத்தாவே இதற்கு வழிகாட்டியுள்ளது. யாதவபுரப் பல்கலைக்கழகம் 2013இல் வெளியிட்ட 'விசித்ரா' என்னும் மின்தொகுப்பு, தாகூரின் கையெழுத்துப் படிகளையும் அச்சுப் பதிப்புகளையும் ஒருங்கே தருகிறது. அவற்றை ஒப்பிடும் மென்பொருளுக்குப் 'பிரபேத்' என்று பெயர். வேறுபாடு என்பது அதன் பொருள். தமிழ்ப் பதிப்பாசிரியர்கள் சுவடி வேறுபாட்டைப் பிரதிபேதம் என்றே குறித்து அடிக்குறிப்பில் தந்தனர். இரு சொற்களிலும் 'பேதம்' ஒன்றே. பிறர் எழுதிய சுவடியில் ஓர் எழுத்து மாறினும் குறித்த மரபு, ஆய்வாளர் தம் நூலின் மறுபதிப்பில் ஓர் இயல் மாறினும் குறியாமல் விடுவது முரணாகும்.

7. எனவே தொகுப்பாய்வு நூலின் ஒவ்வொரு மறுபதிப்பும் நான்கு செய்திகளைத் தருதல் வேண்டும்: சான்று திரட்டிய எல்லை ஆண்டு; சேர்த்த, நீக்கிய, திருத்திய இடங்கள்; மாற்றியவர் ஆசிரியரா பதிப்பாசிரியரா என்பது; அம்மாற்றத்தால் முடிபு மாறிற்றா என்பது. மொழிபெயர்ப்பாளர் தாம் கொண்ட மூலப் பதிப்பின் ஆண்டை முகப்பிலேயே கூறுதல் வேண்டும். இல்லையேல் மூலத்தில் விடுபட்டது மொழிபெயர்ப்பாளரின் பிழையாகத் தோன்றும். அச்சு நூலின் பழைய பதிப்பு ஏதேனும் ஒரு நூலகத்தில் எஞ்சியிருக்கும் வாய்ப்புண்டு; 1875ஆம் ஆண்டுக் கால்டுவெல் அவ்வாறு எஞ்சியதாலேயே மீட்கப்பட்டது. மின்வடிவ அகராதியிலோ பழைய வாசகம் சுவடின்றி மறையக்கூடும். அங்கு மாற்றக் குறிப்பு ஒன்றே சான்றாக எஞ்சும்.