சோவெட்டோ திடீரென்று வெடிக்கவில்லை

இளைஞர் எழுச்சி என்றால் அது தானாகப் பொங்க வேண்டும், தலைவர் இருக்கக் கூடாது, அமைப்பு இருக்கக் கூடாது, கொள்கை எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது என்றொரு கருத்து சில காலமாக நம் மேடைகளிலும் இதழ்களிலும் செல்லுபடியாகிறது. 2017இல் மெரினா, 2024இல் டாக்கா, 2025இல் காத்மாண்டு என்று எடுத்துக்காட்டுகளை அடுக்குகிறார்கள். இவற்றுக்கெல்லாம் மூதாதையாகத் தென்னாப்பிரிக்காவின் சோவெட்டோவில் நடந்த 1976 ஜூன் 16 மாணவர் ஊர்வலத்தைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். சீருடைப் பிள்ளைகள், ஒரு காலைப்பொழுது, ஒரு துப்பாக்கிக் குண்டு, பற்றி எரிந்த ஊர், கதை முடிந்தது. மற்ற நகரங்களைப் பற்றி அங்கே நின்றவர்கள் பேசட்டும். சோவெட்டோவைப் பற்றி இப்படிச் சொல்வதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அந்தப் பிள்ளைகளின் வீரத்தைப் புகழ்ந்துகொண்டே அவர்களுடைய படிப்பையும் யோசனையையும் பிடுங்கிக்கொள்ளும் பேச்சு அது.

தென்னாப்பிரிக்க இளைஞர் அரசியலின் முதல் அத்தியாயம் வாசகர்கள் அறிந்ததுதான். 1944இல் ஆப்பிரிக்க தேசிய காங்கிரசுக்குள் இளைஞர் அணி. லெம்பேடே, மண்டேலா, சிசுலு, டாம்போ. மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த பெரியவர்களை 1949இன் செயல்திட்டம் வழியாகப் புறக்கணிப்புக்கும் வேலைநிறுத்தத்துக்கும் இழுத்து வந்தார்கள். 1960இல் ஷார்ப்வில்லில் 69 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், காங்கிரசுக்குத் தடை, 1964இல் ரிவோனியா வழக்கில் ஆயுள் தண்டனை. அதற்குப் பின் வந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளைப் பல நூல்கள் அமைதிக் காலம் என்று ஒரே பத்தியில் தாண்டிவிடுகின்றன. எனக்கு முக்கியமாகப் படுவது தாண்டப்படும் அந்தப் பத்திதான்.

1967இல் ரோட்ஸ் பல்கலைக்கழகத்தில் தேசிய மாணவர் சங்க மாநாடு நடந்தது. வெள்ளை லிபரல் மாணவர்களின் தலைமை. நிறவெறியை எதிர்ப்பவர்கள்தான். ஆனால் கறுப்பு மாணவர்கள் வளாகத்தில் வெள்ளையரோடு தங்க நிர்வாகம் அனுமதிக்கவில்லை. தலைமை முணுமுணுத்துவிட்டு மாநாட்டைத் தொடர்ந்து நடத்தியது. அங்கே இருந்த மருத்துவ மாணவர் ஸ்டீவ் பிகோ அதை மறக்கவில்லை. 1969 ஜூலையில் டர்ஃப்லூப் பல்கலைக்கழகத்தில் தென்னாப்பிரிக்க மாணவர் அமைப்பு தொடங்கப்பட்டது, சுருக்கமாக சாசோ. முதல் தலைவர் பிகோவுக்கு 22 வயது.

சாசோ செய்த பெரிய காரியம் 'கறுப்பர்' என்ற சொல்லை மீட்டது. சட்டத்தால் ஒடுக்கப்பட்டு, அதை எதிர்த்து ஒன்றாக நிற்கத் துணிந்தவர் எவரானாலும் கறுப்பர். ஆப்பிரிக்கர், கலப்பினத்தார், இந்திய வம்சாவளியினர் மூவரும் அதற்குள் வந்தார்கள். கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிய நம்மவர்களின் சந்ததி வாழும் டர்பனிலிருந்து சாத்ஸ் கூப்பரும் ஸ்ட்ரினி மூட்லியும் அதன் முன்னணிக்கு வந்தார்கள். மூட்லி என்ற பெயரே முதலியார் என்பதன் தென்னாப்பிரிக்கத் திரிபு. 1974இல் மொசாம்பிக் விடுதலை இயக்கத்தை ஆதரித்துப் பேரணிகள் அறிவித்ததற்காக நடந்த வழக்கில் இருவரும் ராபன் தீவுச் சிறைக்குப் போனார்கள். காந்தியின் பீனிக்ஸ் பண்ணையைப் பற்றி நூறு கட்டுரை எழுதிய நாம் இவர்களைப் பற்றி ஒன்றாவது எழுதியிருக்க வேண்டும்.

சாசோவின் அன்றாடம் பரபரப்பில்லாதது. செய்திமடல் எழுதுவது, விடுமுறையில் பயிற்சி முகாம் நடத்துவது, பாவ்லோ ஃப்ரெய்ரேயின் முறையைக் கற்று முதியோருக்கு எழுத்தறிவிப்பது. இப்படிப்பட்ட வேலையைப் புகைப்படம் எடுக்க யாரும் வருவதில்லை.

இங்கேதான் ஓங்கோபோட்சே டீரோ வருகிறார். டினோகானா என்ற சிற்றூரில் 1945இல் பிறந்தவர். சுரங்கத்தில் கூலி வேலை பார்த்துவிட்டுப் படிக்க வந்தவர். கறுப்பர்களுக்கென்று அரசு கட்டிய டர்ஃப்லூப் பல்கலைக்கழகத்தில் மாணவர் மன்றத் தலைவராக இருந்தவர். 1972 ஏப்ரல் 29 பட்டமளிப்பு விழாவில் பட்டதாரிகள் சார்பில் பேச அவரை அழைத்தார்கள். முன்வரிசை நாற்காலிகளில் வெள்ளை அதிகாரிகள். பட்டம் வாங்கும் பிள்ளைகளின் பெற்றோர் பின்னே தள்ளப்பட்டிருந்தார்கள். டீரோ மேடையிலிருந்து அந்த நாற்காலிகளைப் பற்றித்தான் பேசினார். கறுப்பர் பல்கலைக்கழகத்தின் விழாவில் கறுப்புத் தகப்பனுக்கு ஏன் முன்னால் இடமில்லை என்று கேட்டார். கறுப்பருக்கென அரசு தனியே வகுத்த பாண்டு கல்வி என்ற முழு ஏற்பாட்டையும் நாற்காலி வரிசையிலேயே காட்டிவிட்டார். சில நாளில் அவரை வெளியேற்றினார்கள். தட்டிக்கேட்ட மாணவர்களையும் கூண்டோடு வெளியேற்றினார்கள். அடுத்த வாரங்களில் நாடெங்கும் கறுப்பர் கல்லூரிகள் வகுப்பைப் புறக்கணித்தன.

வெளியேற்றப்பட்ட மனிதருக்கு வேலை கொடுத்தது சோவெட்டோவின் மோரிஸ் ஐசக்சன் உயர்நிலைப் பள்ளி. தலைமை ஆசிரியர் லெகாவ் மதபாதேயின் துணிச்சல் அது. டீரோ அங்கே வரலாறு நடத்தினார், சில மாதங்கள்தான். அரசின் நெருக்கடியில் அந்த வேலையும் போனது. 1973இல் எல்லை தாண்டி போட்ஸ்வானாவுக்குச் சென்றார். அவர் வகுப்பில் உட்கார்ந்திருந்த பையன்களில் ஒருவன் ட்சியட்சி மஷினினி. பள்ளியின் விவாத மன்றத்தை நடத்தியவன்.

இனி 1976க்கு வருவோம். கணக்கும் சமூக அறிவியலும் வெள்ளை ஆட்சியாளர்களின் ஆஃப்ரிகான்ஸ் மொழியில்தான் நடக்க வேண்டும் என்று 1974இல் ஆணை வந்திருந்தது. ஆசிரியர்களிலேயே பலருக்கு அந்த மொழி சரளமில்லை. ஒரு வெள்ளைக் குழந்தையின் கல்விக்கு ஆண்டுக்கு 644 ராண்டும் கறுப்புக் குழந்தைக்கு 42 ராண்டும் செலவிட்ட அரசு அது. மொழித் திணிப்பு என்றதும் நமக்கு 1965இன் இந்தி எதிர்ப்புப் போராட்டம் நினைவுக்கு வரும். அதுவும் ஒரே நாளில் முளைத்ததில்லை, 1938இல் தொடங்கிய போராட்டத்தில் சிறைப்பட்டு உயிர்விட்ட நடராசனும் தாளமுத்துவும் அதற்குப் பின்னால் இருந்தார்கள்.

மே 17 அன்று ஆர்லண்டோ வெஸ்ட் பள்ளிப் பிள்ளைகள் வகுப்புக்குப் போக மறுத்தார்கள். ஜூன் 13, ஞாயிற்றுக்கிழமை, ஆர்லண்டோவின் சமூகக் கூடத்தில் பள்ளி மாணவர் இயக்கம் கூட்டம் போட்டது. சாசோவின் கருத்தில் வளர்ந்த இயக்கம் அது. புதன்கிழமை ஊர்வலம் என்று முன்மொழிந்தவன் மஷினினி, வயது 19. பள்ளிக்கு இரண்டு பேர் வீதம் செயற்குழு அமைந்தது. வீட்டில் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தார்கள். மூன்று நாள் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வாய் திறக்கவில்லை. அட்டைகள் எழுதினார்கள். எந்தப் பள்ளி எந்தத் தெரு வழியாக வந்து சேர வேண்டும் என்று பிரித்துக்கொண்டார்கள். இதற்குத் தன்னெழுச்சி என்று பெயர் வைப்பவர்கள் ஒரு தெருமுனைக் கூட்டத்தையாவது நடத்திப் பார்த்திருப்பார்களா?

காவல்துறை வருகிறது என்ற செய்தி எட்டியபோது மஷினினி ஒரு டிராக்டர்மேல் ஏறி, அமைதியாக இருங்கள், அவர்களைச் சீண்டாதீர்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னான். பிறகு சுட்டார்கள். பன்னிரண்டு வயது ஹெக்டர் பீட்டர்சனைத் தூக்கிக்கொண்டு ம்புயிசா மகூபோ ஓட, பக்கத்தில் அக்கா அன்டோனெட் கை விரித்துக் கதறியபடி வரும் படத்தைப் பார்க்காதவர் இல்லை. படமெடுத்த சாம் ன்சீமா ஃபிலிம் சுருளைக் காலுறைக்குள் ஒளித்து வெளியே கொண்டுபோனார். அரசின் விசாரணைக் குழுவின் கணக்குப்படியே அடுத்த பிப்ரவரிக்குள் செத்தவர்கள் 575 பேர். அந்தப் படத்தின் முன் நானும் பேச்சற்று நின்றிருக்கிறேன். ஆனால் டிராக்டர்மேல் நின்ற பையனை அது சட்டகத்துக்கு வெளியே வைத்துவிட்டது. உலகம் சாவை நினைவில் வைத்துக்கொண்டு கூட்டம் போட்டவர்களை மறந்துபோனது.

இலக்கியமும் இதில் பங்கு பெற்றது. ஆந்த்ரே பிரிங்கின் 'எ டிரை ஒயிட் சீசன்' 1979இல் வந்து உலகமெங்கும் போனது. நேர்மையான நாவல், ஆனாலும் அதில் சோவெட்டோ ஒரு வெள்ளை ஆசிரியரின் மனசாட்சி விழித்துக்கொள்ள உதவும் பின்னணியாகிவிடுகிறது. அடுத்த ஆண்டே மிரியம் ட்லாலியின் 'அமாண்ட்லா' வந்தது. ரகசியக் கூட்டங்கள், சலிப்பூட்டும் விவாதங்கள், யாரை நம்புவது என்ற தடுமாற்றம், பெண்கள் சுமந்த வேலை எல்லாம் அதில் உண்டு. மொழிநடையில் கரடுமுரடானது; உண்மைக்கு மிக நெருக்கமானது. தடையும் செய்யப்பட்டது. ம்புலேலோ ம்சமானேயின் 'சோவெட்டோவின் குழந்தைகள்' 1982இல் அதே தடத்தில் சென்றது. தமிழில் வர வேண்டியவை இவை இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

தன்னெழுச்சிக் கதையை ஒருநாளும் நம்பாதவர்கள் பிரிட்டோரியாவின் ஆட்சிப் பீடத்தில் இருந்தார்கள். மஷினினியைத் தேடினார்கள், அவன் ஆகஸ்டில் நாட்டை விட்டுத் தப்பி, 1990இல் கினியில் இறந்துபோனான். 1977 செப்டம்பரில் பிகோவைக் காவலில் அடித்துக் கொன்றார்கள். அக்டோபரில் சாசோ உட்பட 18 அமைப்புகளைத் தடை செய்தார்கள். இதெல்லாம் சோவெட்டோவுக்குப் பிறகு. ஊர்வலத்துக்கு ஏறக்குறைய இரண்டரை ஆண்டு முன்பே, 1974 பிப்ரவரி 1 அன்று, போட்ஸ்வானாவில் டீரோவுக்கு ஜெனீவாவின் மாணவர் உதவி நிதியம் ஒன்றின் பெயரில் ஒரு பொதி வந்தது. பிரித்தபோது வெடித்தது. சில மாதங்கள் மட்டும் வரலாற்று வகுப்பு எடுத்த ஆசிரியர் ஒருவருக்கு அனுப்பிய குண்டு அது. 1998இல் அவர் எலும்புகளை டினோகானாவுக்குக் கொண்டுவந்து புதைத்தார்கள்.