திருவண்டப்பகுதியும் மானுடப் பிறவியும்

திருவாசகத்துள் மூன்றாவதாக நிற்கும் திருவண்டப்பகுதி 182 அடிகளான் இயன்ற அகவல். இதன் தொடக்கத்தில் அண்டங்களின் பெருந்தொகை கூறப்படுதலை எடுத்துக்காட்டி, வானநூலார் தொலைநோக்கியாற் கண்டதனை மணிவாசகப் பெருமான் முன்னரே கண்டுரைத்தார் எனச் சிலர் மேடைதோறும் மகிழ்ந்து பேசுகின்றனர். அன்பினால் எழுந்த உரையே எனினும், அது நூலுக்குப் பெருமை தருவதன்று. என்னை? வானநூற் கணக்கு ஆராயுந்தோறும் மாறுமியல்பிற்று. அதனோடு திருவாசகத்தைப் பிணிப்பின், கணக்கு மாறுந்தோறும் நூலின் மதிப்பும் தளரும். அன்றியும், அடிகள் கருத்து அதுவன்று.

நூற்றொரு கோடியினும் மேற்பட விரிந்தன அண்டங்கள் என்றுரைத்த அடிகள், அவை மிகச் சிறியனவாகத் தோன்றுமாறு பெரியவன் இறைவன் என்றே முடிக்கின்றார். அதற்கு அவர் கொண்ட உவமை, வீட்டினுள் நுழையும் ஞாயிற்றின் கதிரில் மிதக்கும் நுண்டுகள். ஆகவே எண் இறைவன் பெருமையை உணர்த்தும் கருவியாய் வந்ததேயன்றி, அதுவே நூற்பொருளாகாது.

இனி, அவ்வகவல் செல்லும் நெறியை நோக்குக. பேரின்பக் கடல் முகிலாய் எழுந்து, பெருந்துறையாகிய வரையில் ஏறி, அருண்மழை பொழிகின்றது. அம்மழை சென்று சேர்வது யாண்டு? வழிபாடாகிய வயலில். ஆண்டு அன்பே வித்து, தொண்டரே உழவர். ஈற்றிலோ, அடிகளது யாக்கையின் என்புத் துளைதோறும் அமுதம் ஏறுகின்றது. அண்டத்தில் தொடங்கிய பாட்டு என்பின் துளையளவும் வந்து முடிகின்றது. தொடக்கத்தை மாத்திரம் ஓதி வியப்பவர் பாட்டின் பயனை இழந்தவராவர்.

அங்ஙனமாயின், இப்பேரண்டத்துள் மானுடர்க்குரிய இடம் யாது? அளவான் நோக்கின் மனிதன் துகளினும் துகள். எனினும், அருளை ஏற்றற்குரிய கலம் அவன். யானைமுதல் எறும்பீறாகிய பிறப்புக்களினின்று தப்பி, கருவினுள் திங்கள்தோறும் நேரும் இடர்களையும் பிழைத்து, இப்பிறவி வாய்த்த அருமையைப் போற்றித்திருவகவல் விரிக்கின்றது. 13-ஆம் நூற்றாண்டினராகிய அருணந்தி சிவாசாரியார், மானுடப் பிறவி எய்துதலைக் கடலைக் கையால் நீந்திக் கடத்தலோடு ஒப்பிட்டனர். திருப்பள்ளியெழுச்சியின் ஈற்றுப் பாட்டிலோ, இறைவன் ஆட்கொள்ளும் இடம் இப்பூமியே எனக் கண்டு, ஈண்டுப் பிறவாமையால் நாள் வீணாகின்றதே எனத் தேவர் இரங்குகின்றனர். திருமாலும் பிரமனும் இதனை விழைகின்றனர்.

அற்றேல், அடிகள் யாக்கையைப் புழுக்கூடென்றும் அழுக்கென்றும் பலவிடத்தும் இகழ்ந்தது என்னை எனின், கூறுதும். இகழப்பட்டது அன்பின்றிக் கழியும் யாக்கை. அன்பால் உருகியவழி அவ்யாக்கையே அமுதம் ஊறும் இடமாயிற்று. இவ்விரண்டும் ஒருவர் வாக்கே. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை விடுதல் முறையன்று.

ஆதலின், அண்டங்கள் எத்துணை என எண்ணி இறுமாவாது, வாய்த்த வயலை உழாது கழித்த நாள் எத்துணை என எண்ணுவார்க்கே திருவண்டப்பகுதி தன் பொருளைத் தரும்.

சிவம்.