இரவல் சொல்

கரிசல் கதைகளில் பெண்கள் 'பிரேக்-அப்' என்று பேசுவதைக் கண்டு சில விமர்சகர்கள் முகம் சுளிக்கிறார்கள். இடைசெவல் கி. ராஜநாராயணன் 1982-இல் வட்டாரச் சொல்லகராதியே தொகுத்துக் கொடுத்த சீமையில் சொல்லுக்கா பஞ்சம் என்பது அவர்கள் வாதம்.

பஞ்சமில்லைதான். இரு குடும்பங்கள் மனம் முறிந்தால் 'போக்குவரத்து இல்லை' என்கிறோம். தாலி உறவு அறுந்தால் 'தீர்த்து விட்டாச்சு' என்கிறோம். இவை வீட்டுக்கும் வீட்டுக்கும் உள்ள கணக்கைச் சொல்பவை. பெண்ணைத் தனியே குறிக்க வரும்போதோ, கணவனைப் பிரிந்தவள் 'வாழாவெட்டி'. பழகிப் பிரிந்தவள் 'கெட்டுப்போனவள்'. இந்த அர்த்தத்தில் இவற்றுக்கு ஆண்பால் உண்டா? பத்திரிகைகள் எழுதும் 'காதல் தோல்வி'யிலும் யாரோ ஒருவர் தோற்றாக வேண்டும்.

பசுவந்தனையிலிருந்து கோவில்பட்டிக்குப் பஸ் ஏறிப் படிக்கப் போகும் ஒரு பெண், "பிரேக்-அப் ஆயிருச்சுக்கா" என்று தோழியின் அக்காளிடம் சொன்னால், நடந்ததை மட்டும் சொல்கிறாள்; தன்மேல் தீர்ப்பு எழுத யாருக்கும் இடம் கொடுக்கவில்லை. இதை ஆங்கில மோகம் என்று தள்ளிவிடலாமா?

அந்தச் சொல்லை அடித்துத் திருத்த விரும்பும் ஆசிரியர், பழி சுமத்தாத பேச்சுத் தமிழ்ச் சொல் ஒன்றை முதலில் தேடித் தரட்டும். அதுவரை அவள் பேச்சில் நான் கை வைக்கமாட்டேன்.