யார் வீட்டில் தங்குகிறோம்?

பழைய வீட்டைப் புதுப்பித்து ஹோட்டலாக்கியவர்கள், அது எந்த ஆண்டு கட்டியது என்பதை மறக்காமல் சொல்லிவிடுகிறார்கள். யார் கட்டியது, யார் குடியிருந்தது, அவர்கள் இப்போது எங்கே என்பதைக் கேட்டால்தான் பதில் வரும். சில இடங்களில் கேட்டாலும் வராது. இலங்கையின் காலிக் கோட்டையையும் நம் பக்கத்துப் புதுச்சேரி, செட்டிநாட்டு வீடுகளையும் ஒப்பிட அந்தக் கேள்வியைத்தான் நான் அளவுகோலாக எடுத்துக்கொள்கிறேன். அறை வசதியில் இரண்டு நாட்டுக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. பருத்தி விரிப்பு, கொசுவலைக் கட்டில், முற்றத்தில் காலை உணவு எல்லாம் இரு கரையிலும் ஒன்றுதான்.

காலிக்கும் புதுச்சேரிக்கும் நாம் நினைப்பதைவிட நெருங்கிய உறவு. 1640இல் போர்த்துக்கீசரிடமிருந்து காலியைப் பிடித்த ஒல்லாந்தர்தான் (டச்சுக்காரர்கள்) இன்று நாம் பார்க்கும் மதிலையும் நேர்த் தெருக்களையும் அமைத்தார்கள். அதே ஒல்லாந்தர் 1693இல் புதுச்சேரியையும் பிடித்து 1699 வரை வைத்திருந்தார்கள். கட்டம் போட்ட தெருத் திட்டம் அப்போது வரைந்தது. 1761இல் ஆங்கிலேயர் ஊரைத் தரைமட்டமாக்கிய பிறகும் பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் கோடுகளின் மேலேயே திரும்பக் கட்டினார்கள். பிரெஞ்சு அழகு என்று நாம் படம் பிடிக்கும் தெருக்களின் அடிக்கோடு ஒல்லாந்தருடையது.

இந்த வீடுகள் நமக்கு மிஞ்சியதற்குக் காரணம் கலையார்வம் என்று சொல்ல முடியாது. கையில் காசிருந்தவர்கள் பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டிக்கொண்டார்கள். காசு நின்றுபோன ஊர்களில் வீடு அப்படியே நின்றது. ஐரோப்பாவிலிருந்து கிழக்கே போகும் கப்பல்கள் காலியில் நின்ற காலத்தில், 1860களில், கோட்டைக்குள் நியூ ஓரியண்டல் ஹோட்டல் வந்தது. கட்டடம் அதற்கும் முந்தையது, 1684ஆம் ஆண்டினது. பிறகு கொழும்பில் அலைதடுப்புச் சுவர் எழும்பிக் கப்பல்கள் அங்கே போய்விட்டன. ஹோட்டல் மட்டும் ஐரோப்பிய வம்சாவளிப் பறங்கியர் குடும்பம் ஒன்றின் கையில், மின்விசிறிச் சத்தத்தோடும் தேய்ந்த பிரம்பு நாற்காலிகளோடும் 1990கள் வரை ஓடியது. இன்று அது அமன்கல்லா என்ற ஹோட்டல். செட்டிநாட்டின் கதையும் இதுபோலத்தான். பர்மாத் தேக்கும் பர்மாப் பணமும் கட்டிய வீடுகள் அவை. 1942இல் ஜப்பானியப் படை ரங்கூனுக்குள் நுழைந்ததோடு அந்த வருமானம் உடைந்தது. பராமரிக்கவும் முடியவில்லை, இடிக்கவும் முடியவில்லை. பூட்டிவிட்டுச் சென்னைக்குப் போனார்கள்.

இதுவரை ஒரே கதை. வீட்டை ஹோட்டலாக்கும் நேரம் வந்தபோதுதான் வழி பிரிந்தது.

காலியில் வீடு கைமாறியது. கோட்டைக்குள் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களில் சோனகர் என்னும் முஸ்லிம் குடும்பங்கள் பல. நகை, ரத்தின வியாபாரம் செய்தவர்கள். 1988இல் யுனெஸ்கோ கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2000க்குப் பிறகு வெளிநாட்டவர்கள் வந்து, கூரை சரிந்த வீடுகளுக்கும் நல்ல விலை கொடுத்தார்கள். வாங்கியவர்கள் ரசனையுள்ளவர்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவருக்குச் சிமெண்ட் ஆகாது என்று தெரிந்து வேலை செய்தவர்கள் அவர்களில் உண்டு. பாழடைந்து கிடந்த ஒரு வணிகர் மாளிகையைச் சீரமைத்த காலி ஃபோர்ட் ஹோட்டலுக்கு 2007இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. ஆனால் அப்படிச் சீரமைத்த பல வீடுகளுக்குள் போனால் தெரிவது வடிவமைப்பாளரின் கைதான். ஒல்லாந்து அலமாரி இருக்கும். அதற்குப் பிறகு இருநூறு ஆண்டுகள் அங்கே சமைத்து, தொழுது, பிள்ளை பெற்று வாழ்ந்தவர்களின் சுவடு இருக்காது. வெளிநாட்டவர் நிலம் வாங்குவதை 2014ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்தியது. அதற்குள் விற்க வேண்டியதெல்லாம் பெரும்பாலும் விற்றாகிவிட்டது.

இந்தியாவில், குறிப்பாகப் பெரிய வீடுகளில், சொத்து குடும்பத்திடமே தங்கியது. உதய்ப்பூரில் ஏரி நடுவே இருக்கும் அரண்மனையை 1963இல் ஹோட்டலாக்கியவரே அதைக் கட்டிய வம்சத்து மகாராணாதான். 1971 முதல் தாஜ் நிறுவனம் நடத்துகிறது. காரைக்குடியின் ‘பங்களா’ ஒரு செட்டியார் குடும்பத்தின் விருந்தினர் மாளிகை. அதே குடும்பம் அதை ஹோட்டலாக நடத்துகிறது, மேசைக்கு வருவது அந்த வீட்டுச் சமையல். கானாடுகாத்தானில் ‘விசாலம்’, தகப்பனார் தம் மகள் விசாலாட்சிக்காகக் கட்டிய வீடு. ஹோட்டலான பிறகும் அந்தப் பெயரிலேயே நிற்கிறது.

நாம் பெருமைப்பட்டுக்கொள்ள இதில் அதிகம் இல்லை. செட்டிநாட்டு வீடு குடும்பத்தை விட்டுப் போகாததற்குப் பாசம் பாதிக் காரணம், பங்கு மீதி. ஒரே வீட்டுக்கு எத்தனையோ பங்காளிகள். எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் விற்க முடியும். கையெழுத்துச் சேராத வீடு பூட்டிக் கிடந்து கறையான் ஏறும். சேர்ந்த வீடு தூண் தூணாகக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போகும். கொழும்பில் 33ஆம் ஒழுங்கையில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் 11ஆம் இலக்க வீட்டில் இப்போது விருந்தினர் தங்கலாம். அங்கே சிறு நீர்த்தொட்டியருகே நிற்கும் மரத்தூண்கள் செட்டிநாட்டிலிருந்து போனவை. நாம் விற்றதை அவர் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்து நிறுத்தினார். எனக்கு அதில் கோபம் வரவில்லை, கொஞ்சம் வெட்கம்தான்.

இலங்கையில் எல்லாமே முகமற்ற வீடுகள் என்றும் சொல்லிவிட முடியாது. கொழும்பு ரோஸ்மீட் பிளேஸில் உள்ள ‘டின்டஜல்’ பண்டாரநாயக்கா குடும்பத்தின் வீடு. 1959 செப்டம்பர் 25 காலை, அந்த வீட்டு விறாந்தையில்தான் பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்காவை ஒரு பிக்கு சுட்டார். மறுநாள் அவர் இறந்தார். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் கொண்டுவந்தவரும் அவரே. தமிழ் வாசகர் ஒருவர் அந்த ஹோட்டலின் நேர்த்தியான கறுப்பு வெள்ளை அறைகளில் தங்கும்போது அந்த விறாந்தையைச் சும்மா கடந்துவிட முடியாது.

ஊர் என்ற அளவில் பார்த்தால் இலங்கை நம்மைவிட மேல். காலிக் கோட்டைக்குள் ஓடு மாற்றவும் அனுமதி கேட்க வேண்டும்; அதற்கென்று தொல்லியல் துறையும் தனி அமைப்பும் இருக்கின்றன. புதுச்சேரியில் பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு பல ஆண்டுகளாகப் போராடியும் வீடுகள் விழுந்துகொண்டே இருந்தன. 2014 நவம்பர் மழையில் கடற்கரையிலிருந்த மேரி கட்டடமே, நகராட்சி அலுவலகமாக இருந்த அரசுச் சொத்தே, சரிந்து விழுந்தது. பிறகு அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டி 2021இல் திறந்தார்கள்.

புதுச்சேரியில் சுற்றுலாப் பயணிகளின் காசு முதலில் போவது ஊரை இரண்டாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, மஞ்சள் சுவர்த் தெருக்களுக்கு. மேற்கே தமிழர் பகுதியில், திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் கொண்ட வீடுகளில், பெருமாள் கோயில் தெருவின் ‘மேசான் பெருமாள்’ போலச் சிலவே ஹோட்டலாகிப் பிழைத்திருக்கின்றன. (திண்ணை, முன்பின் தெரியாத வழிப்போக்கன் காசில்லாமல் படுக்கக் கட்டியது. ஹோட்டலான வீடுகளில் அந்த இடம் காவலாளிக்கு.) அடுத்த முறை புதுச்சேரிக்குப் போகிறவர்கள் வாய்க்காலுக்கு மேற்கே அறை தேடுங்கள். வரவேற்பில் இருப்பவரிடம் இது யார் வீடு என்று கேளுங்கள். பதில் தெரிந்த ஹோட்டலில் தங்குங்கள்.