சீட்டுக்கு அடியில் ஒரு பட்டறை

மவுண்டன் பைக் பந்தயம் தொடங்கும் இடத்தில் கூட்டம் வேடிக்கை பார்ப்பது கார்பன் சட்டகத்தையும் முன் ஃபோர்க்கையும்தான். என் கண் போவது சீட்டுக்கு அடியில் வாரால் இறுக்கிக் கட்டிய, கைக்குள் அடங்கும் அந்தப் பொதிக்கு. விலை உயர்ந்த சைக்கிளை யாரும் வாங்கிவிடலாம். அந்தப் பொதியைச் சரியாகக் கட்ட, ஓடப்போகும் மலை எதை உடைக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

மாத்தளையில் அது சுலபமான கேள்வி இல்லை. நகரிலிருந்து இரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டனுக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். கீழே மிளகுக் கொடியும் கொக்கோவும் கராம்பும் வளரும் தோட்டங்கள், ஏற ஏறத் தேயிலை, அதற்கும் மேலே நக்கிள்ஸ் காடும் அதன் நிழலில் ஏலச்செடியும். கணவாயில் காற்று ஆளையே தள்ளும். தாண்டிச் சரிந்தால் பிட்டவல பத்தனைப் புல்வெளி, இலுக்கும்புர, லக்கலை. இதே மாவட்டத்தின் வடக்கே தம்புள்ளையும் சீகிரியாவும்: கிரவல் பாதை, குளக்கட்டு, முட்புதர், வெயில். மழை ஊறிய மலையும் காய்ந்த சமவெளியும் ஒரே மாவட்டத்துக்குள் இருப்பதால், எல்கடுவைத் தோட்டப் பாதைக்குப் பொருந்திய பொதி கண்டலமைக் குளக்கரையில் பாதி வீணாகிவிடும்.

பழுதுக்கான சாமானைத் தானே சுமக்கும் வழக்கம் புதிதல்ல. அந்தக் காலத்து ராலி, ஹம்பர் சைக்கிள்களில் சீட்டுக்குப் பின்னால் ஒரு சிறு தோல் பை தொங்கும். அதற்குள் எலும்பு வடிவில் இரு பக்கமும் பல துளைகளோடு ஒரு ஸ்பேனர், ஒட்டுத்துண்டு, சொலூஷன். பந்தயத்தில் இதை மிகக் கடுமையாகப் பிடித்துக்கொண்டது பழைய டூர் டி பிரான்ஸ். 1913இல் துர்மலே மலையில் யூஜின் கிறிஸ்தோபின் முன் ஃபோர்க் உடைந்தது. சைக்கிளைத் தோளில் போட்டுப் பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் இறங்கி நடந்து, ஒரு கிராமத்துக் கொல்லன் பட்டறையில் தன் கையாலேயே அதைக் காய்ச்சி அடித்து இணைத்தார். துருத்தியை ஒரு சிறுவன் ஊதியதற்காக அவருக்குத் தண்டம் விதித்தார்கள். அந்தத் தண்டம் அநியாயம்தான். ஆனால் சட்டகமும் கருவியும் ஓட்டக்காரரின் கையும் சேர்ந்ததே பந்தயம் என்ற எண்ணத்தை நான் இன்னும் மதிக்கிறேன்.

இன்றைய ஒலிம்பிக் கிராஸ் கன்ட்ரி வேறு மாதிரி. சிறு சுற்றுப் பாதை, அதில் குறித்த இடங்களில் உதவியாளர்கள் சக்கரத்தோடு நிற்பார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டாம் பிட்காக்கின் முன் டயரில் காற்று இறங்கியது. உதவி இடம்வரை ஓட்டிவந்து, சக்கரத்தை மாற்றி, அரை நிமிடத்துக்கும் மேல் பின்தங்கி, பிறகு துரத்திப் பிடித்துத் தங்கம் வென்றார். அப்படிப்பட்ட பந்தயத்துக்கு வெறுங்கையோடு போவதே அறிவு. ரிவர்ஸ்டன் போன்ற நீண்ட மலைப் பாதையில் அடுத்த உதவி எத்தனையோ வளைவுக்கு அப்பால் இருக்கும். ரசனைக்கு இடம் அங்கேதான்.

முதலில் செயின். செங்குத்தான ஏற்றத்தில் முழுப் பலத்தோடு மிதித்தபடியே கியர் மாற்றினால் செயின் கண்ணியின் பக்கத் தகடு விரியும், பின் அறும். இதற்கு மருந்து சில கிராம் எடையுள்ள இணைப்புக் கண்ணி ஒரு ஜோடி. அது செயினின் பற்சக்கர எண்ணிக்கைக்குப் பொருந்த வேண்டும். 12 கியர் செயினில் 10 கியர்க் கண்ணி நிற்காது. கெட்ட கண்ணியைக் கழற்ற செயின் கட்டர் தேவை, அது எலன் சாவிக் கொத்திலேயே சேர்ந்து வந்தால் நல்லது. கண்ணி குறைந்தால் செயின் குட்டையாகிவிடும். அதன்பின் முன்னும் பின்னும் பெரிய பல்லில் போட்டு மிதித்தால் பின் டெரெய்லர் பிய்ந்துவிடும். நல்ல ஓட்டக்காரர் இதை நினைவில் வைத்தே மீதித் தூரத்தை ஓடுவார்.

டெரெய்லரைச் சட்டகத்தோடு பிணைக்கும் ஹேங்கர் மென்மையான அலுமினியத் துண்டு. பாறையில் இடிபட்டால் தான் வளைந்தோ உடைந்தோ சட்டகத்தைக் காப்பாற்றுவதற்கென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். தொல்லை என்னவென்றால் நெடுங்காலம் ஒவ்வொரு சட்டகத்துக்கும் ஒரு வடிவ ஹேங்கர். 2019இல் ஸ்ராம் நிறுவனம் பொது வடிவம் ஒன்றைக் கொண்டுவந்தது; பல தயாரிப்பாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள். உங்களுடையது பழைய சட்டகமானால், கிராமத்துச் சைக்கிள் திருத்தும் கடையில் லுமாலா சைக்கிளுக்கு வேண்டிய அத்தனையும் கிடைத்தாலும் இது கிடைக்கும் என்று நம்பிப் போகக்கூடாது. பொதியில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

காற்று விஷயத்தில்தான் கலை உச்சத்துக்குப் போகிறது. டியூப் இல்லாத டயருக்குள் லேட்டக்ஸ் கலந்த திரவம் சுழன்றுகொண்டிருக்கும்; முள் குத்திய துளையில் அது புகுந்து உறைந்து அடைக்கும். தம்புள்ளைப் பக்கத்தில் நெருஞ்சியும் இலந்தையும் குத்திக்கொண்டே இருக்கும், ஓடுபவருக்குத் தெரியவே தெரியாது. பிறகு ஒரு கூர்க்கல் டயரைக் கிழிக்கும். இறங்கி, அவசரமாக டியூப் ஒன்றை உள்ளே போட்டுக் காற்றடிப்பார். திரவம் அதுவரை மறைத்து வைத்திருந்த அத்தனை முள்ளும் உட்புறம் நுனி நீட்டிக்கொண்டு நிற்கிறது. புது டியூப் சில நிமிடத்தில் சல்லடை. அதனால்தான் முதலில் ரப்பர்த் திரியைத் துளைக்குள் செருகி அடைக்கப் பார்ப்பது, டியூபைக் கடைசி வழியாக வைத்திருப்பது. போட்டே ஆக வேண்டுமென்றால் கையுறையைக் கழற்றி, அதைக் கொண்டு டயரின் உள்ளே ஒரு சுற்றுத் துடைக்க வேண்டும். துணியில் மாட்டும் முள்ளை விரல் தவறவிடாது. தம்புள்ளை வெயிலில் திரவம் விரைவில் காய்ந்துபோகும் என்பதால், பந்தயத்துக்கு முந்தைய நாள் சக்கரத்தைக் குலுக்கி உள்ளே சலசலக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பவரை எனக்குப் பிடிக்கும்.

பம்பா, கார்பன் டையாக்சைடு குப்பியா என்ற விவாதம் ஓயாது. 16 கிராம் குப்பி ஒரே மூச்சில் டயரை நிமிர்த்திவிடும், ஆனால் ஒரே மூச்சுதான். கை தவறினால் போயிற்று. திறக்கும்போது உலோகம் உறைந்து விரலைக் கடிக்கும்; சில திரவங்களைக் கட்டியாக்கியும் விடும். என் தீர்ப்பு பம்பின் பக்கம், அதுவும் ரிவர்ஸ்டனில் சந்தேகமே இல்லை. பம்பின் உடம்பில் ஒட்டுநாடாவைச் சில சுற்றுச் சுற்றி வைத்தால் தனியாக ஒரு சுருள் சுமக்க வேண்டாம். பழைய டயரில் விரல் நீளத் துண்டு வெட்டி வைத்திருந்தால் கிழிசலுக்கு உள்ளிருந்து முட்டுக் கொடுக்கும். அதை மறந்தவர்கள் ரூபாய் நோட்டை மடித்து வைத்து ஊர் சேர்ந்ததும் உண்டு. பயிற்சி நாட்களுக்கு இன்னொன்று: வீதியோரக் கடைகளின் காற்றுக் குழாய் மோட்டார் சைக்கிள் வால்வுக்கானது, நம் மெல்லிய பிரெஸ்டா வால்வில் பிடிக்காது. நகத்தளவு பித்தளை அடாப்டர் ஒன்று அதைச் சரிசெய்யும்.

நக்கிள்ஸ் மழையில் இறங்குபவர் பிரேக்கையும் நினைக்க வேண்டும். மணல் கலந்த சேற்று நீர் ரெசின் பேடை அரைத்துத் தின்றுவிடும். உலோகப் பொடி சேர்த்தது தாங்கும், சத்தம் போடும். சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். ரெசினிலேயே ஓடுபவர் ஒரு ஜோடியைக் கூடவே கொண்டுபோகட்டும். டிஸ்க் தகட்டைப் பிடிக்கும் திருகுகளுக்குப் பெரும்பாலும் டோர்க்ஸ் 25 முனை, மற்றவற்றுக்கு 4, 5, 6 மில்லிமீட்டர் எலன். உங்கள் சைக்கிளில் இல்லாத திருகுக்குச் சாவி சுமப்பது வீண்.

இத்தனையும் பொதிக்குள்ளும் சைக்கிளிலுமாக அடங்கும்போது அந்த அடுக்கு முறையைப் பார்க்க வேண்டும். வெற்றிலைப் பெட்டியில் பாக்கும் சுண்ணாம்பும் தத்தம் இடத்தில் இருப்பதுபோல, அடிக்கடி வேண்டியது வெளியே, அரிதானது உள்ளே. திரி செருகும் ஊசி கைப்பிடியின் முனைக்குள், பம்ப் தண்ணீர்ப் போத்தலின் பக்கத்தில், டியூப் பிளாஸ்டிக் உறைக்குள். உறை இல்லாத டியூப் கருவியின் முனையில் உராய்ந்து, வேண்டிய நாளில் ஓட்டையோடு வெளியே வரும். காலில் ஏறும் அட்டையை விரட்டச் சவர்க்காரத் துண்டு ஒன்று.

மாற்று ஹேங்கரின் திருகு அரிசி மணியைவிடக் கொஞ்சமே பெரியது. பத்தனைப் புல்லுக்குள் விழுந்தால் தேடி எடுக்க முடியாது. கைதேர்ந்தவர்கள் அதை ஹேங்கரின் துளையிலேயே பாதி முறுக்கி, மேலே நாடாவை ஒட்டி, நாடாவின் ஓரத்தை மடித்து விடுகிறார்கள், மழையில் விறைத்த விரலாலும் உரிப்பதற்கு.