தோற்றவன் நின்று கேட்கும் பாட்டு

மனம் வெம்பிக் கிடக்கும்போது கேட்க ஒரு ஜப்பானியப் பாட்டு சொல்லுங்கள் என்றால், இசை தெரிந்தவர்கள் சகாமோட்டோ க்யூ 1961இல் பாடியதைத்தான் முதலில் சொல்வார்கள். போராட்டம் ஒன்று பலிக்காமல் போன சோர்வில் எய் ரொகுசுகே எழுதிய பாட்டு அது. 1963இல் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலிலேயே முதலிடம் பிடித்தது. என் தேர்வு வேறு. ஆடித் தோற்றவன் கேட்க வேண்டியது, தன்னை ஜெயித்தவனின் பாட்டை.

ஜப்பானில் அதை ஒரு வழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். ஹ்யோகோ மாகாணத்துக் கோஷியன் மைதானத்தில் பள்ளிகளுக்கான பேஸ்பால் போட்டி வசந்தத்திலும் கோடையிலும் நடக்கும். ஆட்டம் முடிந்ததும் வென்ற பள்ளியின் பாட்டு ஒலிக்கும், கொடி ஏறும். தோற்ற பிள்ளைகள் தங்கள் பக்கத்தில் வரிசையாக நின்று அதை முழுசாகக் கேட்பார்கள். அதற்குப் பிறகுதான் அழுகை, மைதானத்து மண்ணைப் பைக்குள் அள்ளுவது எல்லாம். 1958இல் ஒகினாவாவின் ஷூரி பள்ளி அணி அப்படி அள்ளிப்போன மண்ணை, தாவரத் தடுப்புச் சட்டத்தைக் காட்டி நாஹா துறைமுகத்தில் பறித்துக்கொண்டார்கள். ஒகினாவா அப்போது அமெரிக்கர் கையில் இருந்தது. சேதி கேள்விப்பட்ட விமானப் பணிப்பெண்கள் கோஷியனின் கூழாங்கற்களை அந்தப் பிள்ளைகளுக்கு அனுப்பிவைத்தார்கள்.

பாட்டு போடும் யோசனையைச் சொன்னவர், தோல்வியை நன்றாகத் தெரிந்த ஒரு பெண். ஹிதோமி கினுயே 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் 100 மீட்டரில் பதக்கம் எடுப்பார் என்று நாடே எதிர்பார்த்தது. அரையிறுதியிலேயே வெளியேறினார். வெறுங்கையோடு ஊர் திரும்ப மனமில்லாமல், போட்டியில் ஓடியே பழகாத 800 மீட்டரில் இறங்கி, ஆகஸ்ட் 2 அன்று வெள்ளி வாங்கினார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் ஜப்பானியப் பெண் அவர்தான். அவர் வேலை பார்த்த ஒசாகா மைனிச்சி பத்திரிகைதான் வசந்தகாலப் போட்டியை நடத்தியது. அவர் சொன்னபடி 1929இல் அங்கே பள்ளிப்பாட்டு வந்தது. கோடைப் போட்டிக்கு 1957இல்தான் வந்து சேர்ந்தது. ஹிதோமி அதைப் பார்க்கவில்லை. 1931இல், அதே ஆகஸ்ட் 2 அன்று, 24 வயதில் இறந்துபோனார்.

நம் சேந்தமங்கலம் பக்கத்துக் கபடியில் நடப்பது நேர்மாறு. நோம்பிக்குப் போடும் போட்டியில் மைக் செட்டில் வெற்றிப் பாட்டு கிளம்பும் முன்பே தோற்ற அணியின் பைக்குகள் கிளம்பிவிடும். அம்பயர் சரியில்லை, லைட் கண்ணைக் கூசியது என்று வழியெல்லாம் பேச்சு. கடைசி மூன்று நிமிடத்தில் இரண்டு புள்ளி முன்னிலையை வைத்துக்கொண்டு சும்மா கோட்டைத் தொட்டுத் திரும்பியதும், கட்டாயம் புள்ளி எடுக்க வேண்டிய மூன்றாவது ரெய்டில் களைத்துப்போன ஆளை அனுப்பியதும் அந்தப் பேச்சில் வராது. எதிராளி கோப்பை வாங்கும் வரை நின்றிருந்தால், எங்கே கை நழுவியது என்று கொஞ்சமாவது தோன்றியிருக்கும்.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவுக்கு அப்படி நிற்க வேண்டி வந்தது ஜப்பானில்தான். 2016 ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கியவர். 2021 ஆகஸ்ட் 31, டோக்கியோ பாராலிம்பிக், கொட்டும் மழை. 1.86 தாண்டினார், 1.88 முடியவில்லை. அமெரிக்காவின் சாம் க்ரூ தன் மூன்றாவது முயற்சியில் அதைத் தாண்டிவிட்டார். இரண்டு சென்டிமீட்டரில் தங்கம் போனது. மேடையில் ஒலித்தது அமெரிக்க கீதம்.

மழை எல்லோருக்கும்தான் பெய்தது. ஆனால் மாரியப்பன் மழையைத் திட்டிவிட்டு நகரவில்லை. ஊனமுற்ற காலில் போட்டிருந்த சாக்ஸ் நனைந்துவிட்டது, அதனால் தாண்டுவது கடினமானது என்று காரணத்தைக் குறிப்பாகச் சொன்னார். எனக்குப் பிடித்தது அந்தத் துல்லியம். 2024 மே மாதம் கோபேயில் உலக பாரா தடகளப் போட்டி நடந்தது. கோஷியன் இருக்கும் அதே ஹ்யோகோ மாகாணம். அங்கே அவர் தங்கம் வாங்கிய உயரம் 1.88. எஸ்ரா ஃப்ரெச் 1.85, சாம் க்ரூ 1.82, இந்த முறை நின்று கேட்டவர்கள் இரண்டு அமெரிக்கர்கள். டோக்கியோவில் கேட்ட கீதம்தான் கோபேயில் தாண்டவைத்தது என்று நான் கதை கட்டமாட்டேன். விட்ட உயரமும் பிடித்த உயரமும் ஒன்று, அவ்வளவுதான்.

அந்த 1.88 நான்கு மாதம்கூடத் தாங்கவில்லை. பாரிஸ் பாராலிம்பிக்கில் 19 வயது ஃப்ரெச் 1.94 தாண்டினார். இன்னொரு இந்திய வீரர் சரத் குமாருக்கு 1.88, வெள்ளி. மாரியப்பனுக்கு 1.85, வெண்கலம். டோக்கியோவில் குறைந்தது இரண்டு சென்டிமீட்டர், பாரிஸில் ஒன்பது. 2021 வருத்தத்துக்கு நனைந்த சாக்ஸ் காரணமாக இருக்கலாம். 2024இன் ஒன்பது சென்டிமீட்டருக்கு ஓட்ட வேகத்தையும், கிளம்பும் இடத்தையும், ஏறிவரும் வயதையும்தான் பார்க்க வேண்டும். 1.90ஐக் குறிவைத்து நடக்கும் பயிற்சி இனி பதக்க மேடைக்கு உதவலாம், தங்கத்துக்குப் போதாது.