எண்ணைச் சொல்லும் கலை

மருத்துவ ஆராய்ச்சியின் முடிவைப் பாமரருக்கும் விளங்கும்படி எழுதுவது, பாஷாஞானமும் கணித ஞானமும் கருணையும் ஒருங்கே கூடினாலன்றிக் கைவராத ஓர் அரிய கலை என்பது என் அபிப்பிராயம். 1995ஆம் ஆண்டு அக்டோபரில், புதுவகைக் கருத்தடை மாத்திரைகள் இரத்த நாளங்களில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும் அபாயத்தை இரு மடங்காக்குகின்றன என்ற எச்சரிக்கை பிரிட்டனில் வெளியானதும், அதைக் கேட்டுக் கலங்கிய ஸ்திரீகள் பலர் மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிட, மறு ஆண்டில் அங்கே கருக்கலைப்புகள் பெருகின. இரு மடங்கு என்றது பொய்யன்று. ஆனால், சுமார் 7,000 பேரில் ஒருவருக்கு நேர்ந்தது இனி இருவருக்கு நேரலாம் என்பதே அதன் தாத்பரியம். கர்ப்பம் தரித்தாலோ, அதே அபாயம் மாத்திரையால் வருவதைக் காட்டிலும் அதிகம்! அந்த ஒரு வாக்கியத்தை உடன் சேர்த்திருந்தால் எத்தனை குடும்பங்களின் கிலேசம் தணிந்திருக்கும்! எத்தனை பேரில் எத்தனை பேருக்கு என்று, வீட்டுச் செலவுக் கணக்கைப் போல விரல்விட்டு எண்ணிக் காட்டுகிற எழுத்தைக் காணும்போதெல்லாம் அதை எழுதிய கையை என் மனம் வணங்குகிறது. ஆரோக்கிய விஷயங்களை எழுதப் புகுவோரே, இரு மடங்கு என்று எழுதினால், எதற்கு இரு மடங்கு என்பதையும் தயைகூர்ந்து பக்கத்திலேயே எழுதுங்கள்.